மேலே மூணு கம்பளி, கீழே ஐஸ் கட்டி! மலை முகாமில் ஹேமக் கட்டித் தூங்கப் போறீங்களா?

டிசம்பர் விடுமுறைக்குக் கொடைக்கானல், ஊட்டி, மூணாறு என்று கிளம்பும் குடும்பங்களின் பையில் இப்போது புதிதாக ஒரு பொருள் இடம்பிடித்திருக்கிறது. கைக்கு அடக்கமான ஒரு சுருட்டு. பிரித்தால் ஒன்பது, பத்து அடி நீளத்துக்கு நைலான் துணி. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினால் ஊஞ்சல். ஏறிப் படுத்தால் படுக்கை. 'ஹேமக்' என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நம் வீட்டுத் தூளிக்கு இது பெரியண்ணன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் இறங்க மனசு வராது. வம்பு ஆரம்பிப்பது ராத்திரியில்தான். "அப்பா, நான் இன்னிக்கு இதுலயே தூங்குறேனே" என்று பிள்ளை ஆசைப்படும். தங்கும் விடுதிக்காரரிடம் இரண்டு கம்பளி வாங்கிப் போர்த்திவிட்டு வருவோம். பத்து மணிக்கு ஆனந்தம். ஒரு மணிக்குப் புரளல். மூன்று மணிக்கு, "அப்பா, முதுகு விறைக்குதுப்பா" என்று குரல் வரும். அப்பா எழுந்து வந்து மூன்றாவது கம்பளியையும் மேலே போடுவார். குளிர் குறையாது. பத்துக் கம்பளி போட்டாலும் குறையாது. குளிர் வருகிற வழி மேலே இல்லை. கீழே!

ஹேமக்கில் தூங்குகிறவர்களுக்கு இது உலகம் முழுக்கத் தெரிந்த தொல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம் வரை 14 மாநிலங்களின் வழியாக, சுமார் 3,500 கிலோமீட்டருக்கு நீள்கிறது அப்பலாச்சியன் நடைபாதை. வழியெங்கும் பெரும்பாலும் காடு. மரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதனால் அங்கே நடப்பவர்களில் பலர் கூடாரத்தைத் தூக்கிச் சுமக்காமல் ஹேமக்கைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். இந்த அடிக்குளிருக்கு அவர்கள் வைத்திருக்கும் கிண்டல் பெயர், 'கோல்ட் பட் சிண்ட்ரோம்'. தமிழில் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னால், 'பின்புறம் விறைக்கும் வியாதி'.

கம்பளி சூடு கொடுக்காது!

ஆச்சரியமாக இருக்கும். ஆனால், கம்பளிக்குள் அடுப்பு எதுவும் இல்லையே! சூடு நம் உடம்பிலிருந்து வருகிறது. அது வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் போர்வையின் வேலை. அதிலும் பிடித்து வைப்பது நூலோ, பஞ்சோ, வாத்து இறகோ அல்ல. அவற்றின் இடுக்குகளில் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. புது மெத்தை புசுபுசுவென்று இருக்கும்போது கதகதப்பாக இருப்பதும், பழசாகித் தட்டையாகிவிட்டால் குளிர்வதும் இதனால்தான்.

இப்போது கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஹேமக்கில் படுப்பதை நினைத்துப் பாருங்கள். மேல்பக்கம் கம்பளி உப்பலாக இருக்கிறது. கீழ்ப்பக்கமோ நம் எடை முழுவதும் அதன்மேல் ஏறி அப்பளமாக நசுக்கிவிடுகிறது. நசுங்கிய இடத்தில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் காப்பும் இல்லை. அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத நைலான். அதற்கும் கீழே வாடைக்காற்று!

ஸ்லீப்பிங் பேக் வைத்திருக்கிறவர்களும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பையின்மேல் '5 டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருக்கும். அது, கீழே ஒரு நல்ல விரிப்பு இருக்கிறது என்ற கணக்கில் சொல்லப்படும் எண். ஹேமக்கில் அந்தப் பையின் முதுகுப் பக்கம் நசுங்கிவிடுவதால், மார்புக்கு 5 டிகிரி கணக்கு சரியாக வந்தாலும் முதுகுக்கு வராது.

'தரையில் பாய் விரித்துப் படுத்தாலும் நசுங்கத்தானே செய்யும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தரையும் சூட்டை உறிஞ்சும்தான். ஆனால், தரைக்கும் முதுகுக்கும் நடுவே காற்று வீசாது. ஹேமக்கில் வீசிக்கொண்டே இருக்கும். சூடான காபியை எதற்கு ஊதிக் குடிக்கிறோம்? காபிக்கு மேலே ஒரு சூடான காற்றுப் படலம் சேர்கிறது. ஊதினால் அது விலகிப் புதுக் காற்று வருகிறது. காபி சீக்கிரம் ஆறுகிறது. ராத்திரி முழுக்க மலைக்காற்று நம் முதுகை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வெயில் காலத்தில் தூளியில் பிள்ளைகள் சுகமாகத் தூங்குவதற்கும் இதே காற்றுதான் காரணம். கோடையில் வரம், மார்கழியில் சாபம்.

இதற்குப் பெரிய குளிர் தேவையில்லை. 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஹேமக்கில் அடிப்பக்கம் ஏதாவது வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் பொதுவான கணக்கு. நம் ஊர் நிலவரத்தோடு பொருத்திப் பார்க்கலாம். மேலே ஏற ஏற, 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் வெப்பநிலை குறையும். மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். ஜனவரி விடியற்காலையில் மதுரையில் 21 டிகிரி என்றால் கொடைக்கானலில் எட்டு டிகிரி. மதுரையில் ஃபேனைப் போட்டுத் தூங்கிய குடும்பம், மறுநாள் இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தூங்குவது போல! ஊட்டி சுற்றுவட்டாரத்தில் கேட்கவே வேண்டாம். தலைகுந்தா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் புல்வெளியே உறைபனியில் வெளுத்துப்போகிறது.

கட்டுகிற இடத்திலும் சூட்சுமம் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; ராத்திரியில் அது தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் பிடிப்பது அப்படிப்பட்ட குழிவான இடங்களைத்தான். ஓடைக்கரையும் ஏரிக்கரையும் போட்டோவுக்கு அழகு. தூங்குவதற்கு, காற்று மறைப்புள்ள நடுச்சரிவுதான் நல்லது.

நெருப்பு மூட்டித் தூங்கியவர்கள்

ஹேமக் பிறந்த ஊரில் இந்தத் தொல்லையை எப்படிச் சமாளித்தார்கள்? 1492-ல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் பருத்தி வலைகளில் தூங்குவதைப் பார்த்துக் குறித்து வைத்தார். 'ஹமாக்கா' என்ற சொல்லும் அந்தத் தீவுகளின் தைனோ மக்களுடையது. ஸ்பானிய மொழி வழியாக அதுவே ஹேமக் ஆனது. ஈரமான தரை, பாம்பு, பூச்சி எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்க அதைவிட நல்ல படுக்கை கிடையாது. தீவுகளில் குளிரும் குறைவு.

அமேசான் காட்டில் கதை கொஞ்சம் வேறு. பகலில் புழுங்கினாலும் விடியற்காலையில் ஈரக்குளிர் ஏறும். பிரேசில் - வெனிசுலா எல்லையில் வாழும் யானோமாமி மக்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவில் ஓர் அடுப்பு வைத்து, அதைச் சுற்றித் தங்கள் ஹேமக்குகளைக் கட்டிக்கொள்வார்கள். இரவெல்லாம் கங்கு கனன்றுகொண்டிருக்கும். சூடு பக்கவாட்டிலிருந்தும் கீழேயிருந்தும் வரும்.

இங்கிலாந்துக் கடற்படை 1597-ல் ஹேமக்கைத் தன் கப்பல்களுக்காக ஏற்றுக்கொண்டது. ஒரு மாலுமிக்குப் பதினான்கு அங்குல அகல இடம்தான். மத்தி மீனை டப்பாவில் அடுக்கினது போலத் தொங்குவார்கள். மரக் கப்பலுக்குள் நெருப்பு மூட்ட முடியுமா? அதனால் ஹேமக்குக்கு உள்ளேயே ஒரு மெல்லிய மெத்தையும் கம்பளியும் போட்டுக்கொண்டார்கள். காலையில் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள்.

ஆக, பழைய உத்திகள் இரண்டு: கீழே நெருப்பு, அல்லது உள்ளே மெத்தை. இதில் முதலாவதை இன்றைக்கு நாம் தொடவே கூடாது. அன்றைய ஹேமக் பருத்தி, இன்றையது நைலான். ஒரு பொறி பட்டால் ஓட்டை. நெருப்புக்கு மேலே கட்டினால் உருகி ஆளோடு கீழே விழும். அதைவிட மோசமானது, குளிர் தாங்காமல் பார்பிக்யூ அடுப்பையோ கரிச்சட்டியையோ கூடாரத்துக்குள், அறைக்குள் எடுத்துப்போய் வைத்துக்கொள்வது. கரி புகைவதில் கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நம் மலைவாசஸ்தலங்களிலேயே இப்படிப் போன உயிர்கள் உண்டு. கங்கு அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருந்தால் நினைத்தே பார்க்காதீர்கள்.

போர்வையை வெளியே கட்டுங்கள்

அப்பலாச்சியன் பாதைக்காரர்கள் கண்டுகொண்ட தீர்வு, கேட்டால் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். உள்ளே போட்டால்தானே போர்வை நசுங்குகிறது? அதை ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கத்தில் தொங்கவிட்டால்? நம் எடை அதன்மேல் விழாது. இறகும் பஞ்சும் உப்பலாகவே இருக்கும். வீசுகிற காற்றும் முதுகைத் தொடாது. இதற்குப் பெயர் 'அண்டர்குயில்ட்'. நாம் கீழ்ப்போர்வை என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இதைத் தைத்து விற்பவர்களில் பலர் சின்னச் சின்ன தொழில்முனைவோர். வாத்து இறகு அடைத்தது என்றால் விலை 200 டாலரைத் தாண்டும். வருடத்துக்கு இரண்டு ராத்திரி மலையில் தங்குகிற நம் குடும்பத்துக்கு, ஆளுக்கு ஒன்று என்று அதை வரவழைப்பது அநியாயச் செலவு. தேவையும் இல்லை. வீட்டில் பரணில் கிடக்கும் பழைய ரஜாய், அதாவது பாலியஸ்டர் பஞ்சு அடைத்த ஒற்றைக் கட்டில் போர்வை, போதும்.

தெருமுனைத் தையல்கடையில் கொடுத்தால் அரை மணி நேர வேலை. போர்வையின் தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்பாவாடைக்கு நாடா கோர்க்க விடுவார்களே, அதே மாதிரி. இரண்டு நீளப் பக்கங்களிலும் அதே மாதிரி இன்னும் இரண்டு மடிப்பு. நான்கு மூலைகளையும் கோர்ப்பதற்குத் திறந்தே விடவேண்டும். நீளப் பக்கத்து மடிப்புகளில் கனமான எலாஸ்டிக் கயிற்றைக் கோர்த்து, இரண்டு முனைகளையும் ஹேமக்கின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருக்கும் முடிச்சில் கட்டிவிட்டால் போர்வை தொட்டில் மாதிரி ஹேமக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். தலைப்பக்க, கால்பக்க மடிப்புகளில் சாதாரண நாடா. அதை இழுத்து முடிந்தால் போர்வையின் இரண்டு வாயும் சுருங்கும்.

அந்தச் சுருக்குதான் உயிர்நாடி. இரண்டு முனையும் பிளந்திருந்தால் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும். போர்வை இருந்தும் இல்லாத கதை. ரொம்பத் தொங்கினாலும் தப்பு. முதுகுக்கும் போர்வைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்தால் அங்கே குளிர்க்காற்று குடிவந்துவிடும். முறுக்கி இழுத்துக் கட்டினாலும் தப்பு, மறுபடி நசுங்கும். ஹேமக்கைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒருவர் ஏறிப் படுத்துக்கொள்ள, இன்னொருவர் கீழே கையைவிட்டுத் தடவிப் பார்த்துச் சரிசெய்வதுதான் சுலபமான வழி. தனியாகச் செய்தால் பத்து முறை ஏறி இறங்க வேண்டும்.

பாலியஸ்டர் பஞ்சுக்குப் பதில் வேறு எதுவும் கூடாதா? சாதாரணப் பருத்திப் பஞ்சு வேண்டாம். கனம், மலைப்பனியை உறிஞ்சிக்கொண்டு காலைவரை காயாது. இலவம் பஞ்சு நல்ல யோசனை. அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த குழல். சுலபத்தில் தண்ணீர் குடிக்காது. அதனாலேயே ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இதை அடைத்தார்கள். குரங்கணி, கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் தாண்டிச் செல்லும் போடிநாயக்கனூர், இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர். மெல்லிய துணியில் கொஞ்சமாக இலவம் பஞ்சை அடைத்து, பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காதபடி கட்டம் கட்டமாகத் தைத்து வாங்கினால் கீழ்ப்போர்வைக்கு ஏற்றதுதான். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். உள்ளே போட்டு அதன்மேல் படுத்தால் இலவம் பஞ்சும் நசுங்கத்தான் செய்யும்.

வாடை பலமாக இருந்தால் கீழ்ப்போர்வைக்கு வெளியே ஒரு மெல்லிய துணியையும் சேர்த்துக் கட்டலாம். பாலித்தீன் ஷீட் வேண்டாம். ராத்திரி முழுக்க உடம்பிலிருந்து ஈரம் ஆவியாகிறது. பாலித்தீனில் பட்டு அது தண்ணீராகி, விடிகாலையில் போர்வையை நனைத்துவிடும். மேலே கட்டும் தார்ப்பாயைத் தாழ்வாக, காற்று வரும் பக்கம் தரையை ஒட்டி இறக்கிக் கட்டுவதே பாதி வேலையைச் செய்துவிடும்.

தைக்க நேரமில்லையா? உள்ளே மெத்தை போடுகிற கப்பல்காரர் வழி இருக்கவே இருக்கிறது. ஆனால் எந்த மெத்தை என்பது முக்கியம். கோரைப்பாய், ஜமக்காளம் இரண்டுக்கும் இங்கே வேலையில்லை. நசுங்காத ஃபோம் ஷீட்தான் வேண்டும். யோகா மேட் அந்த ஜாதிதான். என்ன, ஆறு மில்லிமீட்டர் கனம் எட்டு டிகிரிக்குப் பற்றாது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். காப்பு கூட்டிக்கொண்டே போகும். முகாம் பொருள் கடைகளில் விற்கும் ஃபோம் விரிப்புகளில் 'ஆர்-வேல்யூ' என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடக் காப்பு அதிகம். 10 டிகிரி குளிருக்கு இரண்டாவது இருப்பது நல்லது; உறைபனி இரவுக்கு நான்காவது வேண்டும்.

விரிப்பில் ஒரு குறை. ஹேமக் நம்மை இரண்டு பக்கமும் சுற்றிக்கொள்கிறதல்லவா? ஒன்றரை அடி அகல விரிப்பு நடு முதுகை மட்டும் காக்கும். தோள்பட்டையும் இடுப்பின் பக்கவாட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குளிரும். விரிப்பில் ஒரு துண்டை வெட்டித் தோள்பட்டைக்குக் குறுக்காகப் போட்டால் இது சரியாகும். புரண்டால் விரிப்பு நழுவுவது இன்னொரு தொல்லை. இரட்டைத் துணி ஹேமக் வாங்கினால் இரண்டு துணிகளுக்கும் நடுவே செருகிவிடலாம். காற்றடைத்த சாதாரண பீச் மெத்தையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சும்மா இருக்காமல் சுழன்று சூட்டைக் கீழே கடத்தும். அசையாத காற்றுதான் காப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

காரின் முன்கண்ணாடிக்கு வெயில் மறைக்கப் போடும் வெள்ளி நிற ஷீட்டைக் கீழே போட்டுக்கொள்கிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. குமிழ் வைத்த ரகம் என்றால் கொஞ்சம் உதவும். ஒற்றை ஷீட் மட்டும் என்றால் சரசரப்பும் வியர்வையும்தான் மிச்சம்.

படுக்கப் போகும் முன்

குளிரோடு படுத்தால் குளிரோடுதான் எழுந்திருப்போம். போர்வை சூட்டைப் பிடித்து வைக்கும் என்றால், பிடித்து வைக்க முதலில் சூடு இருக்க வேண்டுமே! படுப்பதற்கு முன் நாலு குட்டி நடை போட்டு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வியர்க்கும் அளவுக்கு வேண்டாம். பகலில் நடந்து வியர்த்த பனியன், சாக்ஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு உலர்ந்ததைப் போட வேண்டும். தலைக்குக் குல்லா. படுக்கும் முன் ஒரு பிடி நிலக்கடலையோ, கடலைமிட்டாயோ நல்லது. உள்ளே செரிக்கிற சாப்பாடும் ஓர் அடுப்புதான். சிறுநீர் கழித்துவிட்டே ஏறுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனால், சேர்த்துவைத்த சூடெல்லாம் கூடவே போய்விடும்.

வெந்நீரை மூடி கழலாத பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்வது அருமையான வழி. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் மட்டும் எச்சரிக்கை. காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அவர்களுக்குப் பாட்டில் வேண்டாம். இரட்டைச் சாக்ஸ் போதும்.

'ரெண்டு பெக் போட்டா குளிர் தெரியாதுப்பா' என்று ஒரு மாமா எல்லாச் சுற்றுலாவிலும் இருப்பார். அவர் சொல்வது உண்மைதான், தெரியாது. அதில்தான் ஆபத்து. மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரியவைக்கும். உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியேறும். ஆளுக்குக் கதகதப்பு, உடம்புக்கு நஷ்டம்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம்; ஹைப்போதெர்மியா என்பார்கள். உறைபனி இருந்தால்தான் வரும் என்றில்லை. 10 டிகிரியில், ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தாலே வரலாம். முதலில் விடாத நடுக்கம். பிறகு பேச்சு குழறும்; ஜிப்பைப் போடக் கை தடுமாறும்; கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். இன்னும் மோசமானால் நடுக்கம் நின்றுவிடும். 'அப்பாடா, குளிர் விட்டுவிட்டது' என்று நாம் நினைப்பது அப்போதுதான். உண்மையில் உடம்பு கைவிட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே அறைக்குள் அல்லது காருக்குள் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த போர்வையால் தலையோடு சுற்றுங்கள். தெளிவாக இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். கை கால்களைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தைகள் நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துவிடுவார்கள். எடை குறைவு, அந்த எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். தூக்கக் கலக்கத்தில் சொல்லவும் மாட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை ஹேமக்குக்குள் கையைவிட்டு முதுகைத் தொட்டுப் பாருங்கள். முதுகு சில்லென்று இருந்தால் இன்னொரு கம்பளி தேடாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். 'காலையில மறுபடி ஏறிக்கலாம் கண்ணு' என்றால் சமாதானமாகிவிடும். கைக்குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரி வெளியே ஹேமக்கில் விட வேண்டாம். தாத்தா பாட்டிக்கும் அறைதான். அவர்களுக்குக் குளிர் உறைப்பது தாமதம்.

காட்டுக்குள் போய்க் கட்டலாமா என்று கேட்டால், வனத்துறை அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, கட்டுப்பாடு இன்னும் கடுமையாகிவிட்டது. யானைத்தடத்தில் ஹேமக் கட்டுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. முறைப்படி நடக்கும் முகாம்களும் தங்கும் விடுதித் தோட்டங்களுமே நமக்குப் போதும்.

முதலில் மொட்டை மாடி

புதிதாக வாங்கிய ஹேமக்கையும் தைத்த கீழ்ப்போர்வையையும் நேராக மலைக்கு எடுத்துப்போகாமல், மார்கழியில் ஒரு ராத்திரி வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். சென்னை, மதுரை மாடிகளிலேயே விடிகாலையில் 21 டிகிரிக்கு வரும். கோவையில் அதற்கும் கீழே போகும். அடிக்குளிரைச் சோதிக்க இது தாராளம். சரியில்லை என்றால் படியிறங்கி வீட்டுக்குள் வந்துவிடலாம். மலையில் அந்த வசதி கிடையாது.

எதில் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கயிறு தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருந்தால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு கயிற்றிலும் 70 கிலோ இழுவிசை விழும். தொய்வே இல்லாமல் விறைப்பாக 10 டிகிரியில் கட்டினால் அதுவே 200 கிலோ! கைப்பிடிச் சுவர், வெறும் செங்கல் தூண், தண்ணீர்த் தொட்டியின் குழாய் எல்லாம் இந்த இழுவைக்கு விழுந்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட் தூணில் மட்டும் கட்டுங்கள். ஹேமக் நல்ல தொய்வோடு, வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி வளைந்திருக்கட்டும். உட்கார்ந்தால் நாற்காலி உயரத்தைத் தாண்ட வேண்டாம். அதில் நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காக, தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் ஒதுங்கும்படி படுத்தால் முதுகு வாழைப்பழமாக வளையாது. கீழ்ப்போர்வையையும் அதே குறுக்குவாட்டுக்கு ஏற்ப நகர்த்த வேண்டும்.

விடிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்துவிடாமல், படுத்தபடியே எங்கே குளிர்கிறது என்று கவனியுங்கள். தோள்பட்டைக்குக் கீழே என்றால் தலைமாட்டு நாடா தளர்ந்திருக்கிறது, இழுத்து முடிய வேண்டும். இடுப்பில் என்றால் போர்வை தொங்கிவிட்டது, எலாஸ்டிக் கயிற்றை இரண்டு விரல்கடை ஏற்றிக் கட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் குளிர்கிறது என்றால் போர்வை நீளம் பற்றவில்லை. ஒரு துண்டை மடித்துக் கால்களுக்கு அடியில் வைத்தால் போதும்.